குமிழிகளின் கணக்கை யார் எழுதுவது?

(அனந்தபுரத்தில் படிப்பு வட்டம் ஒன்றின் மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சின் போக்கு கெடாதபடி சில இடங்கள் மட்டும் சரிசெய்யப்பட்டுள்ளன.)



‘கடலும் கழிமுகமும் விடுகிற வாயுக்கள், பூமி சூடாவது’ என்று தலைப்புச் சொன்னவுடனே இரண்டு மூன்று பேர் என்னிடம் கேட்டார்கள். ‘இங்கேருந்து கடலுக்கு பஸ்ல போனா ரெண்டு மணி நேரம் ஆகும். சேரிக்குக் குடிதண்ணி வரல, சுடுகாட்டுக்குப் பாதை இல்ல. இதுல கடல் காத்தைப் பத்தி நமக்கு என்ன பேச்சு?’ கேள்வி நியாயமானது. பதில் சொல்லத்தான் வந்திருக்கிறேன். நான் விஞ்ஞானி இல்லை. வங்கியில் குமாஸ்தா, கொஞ்சம் கவிதை எழுதுகிறவன். கணக்குப் பார்ப்பது என் பிழைப்பு. ஒரு கணக்கில் எந்தப் பெயர் விட்டுப்போயிருக்கிறது என்று தேடுவது பிழைப்பினால் வந்த பழக்கம். அந்தப் பழக்கத்தோடுதான் இந்த விஷயத்தையும் படித்தேன்.

முதலில் தண்ணீர் போகிற வழியைப் பார்ப்போம். செஞ்சி மலைகளில் பெய்கிற மழைதான் சங்கராபரணி. செஞ்சியாறு என்றும் வராக நதி என்றும் சொல்கிறோம். வீடூர் அணைக்கட்டில் தொண்டியாறும் சேர்ந்துகொள்கிறது. திருவக்கரை, வில்லியனூர் தாண்டிப் பாண்டிச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆறாகவும் சுண்ணாம்பாறாகவும் பிரிந்து வங்கக் கடலில் விழுகிறது. ஆற்றுத் தண்ணீரும் கடல் தண்ணீரும் கலக்கிற அந்த வாய்தான் கழிமுகம். மேலே நம் வயலில் போட்ட யூரியாவின் மிச்சமும், ஓடையில் கொட்டிய கழிவும், ஊர்களின் சாக்கடையும் மழைக்காலத்தில் அந்த வாய்க்குத்தான் போகின்றன. ஆகவே கடல் தூரம் என்று யாரும் சொல்ல வேண்டாம். நாம் கடலுக்கு மேல்மடையில் இருக்கிறோம்.

கழிமுகத்துச் சேற்றுக்குள் என்ன நடக்கிறது? தண்ணீரில் பிராணவாயு இருக்கிறவரை, செத்த இலை, மலம், சோற்றுக் கழிவு எல்லாவற்றையும் நுண்ணுயிர்கள் தின்று கரியமில வாயுவாக்கிவிடும். பிராணவாயு தீர்ந்துபோனால் வேறு நுண்ணுயிர்கள் வேலைக்கு வரும். அங்கேயும் ஒரு பந்தி வரிசை இருக்கிறது. முதல் பந்தியில் பிராணவாயுவைக் கொண்டு பிழைப்பவை. அடுத்து நைட்ரேட்டைக் கொண்டு பிழைப்பவை. இவை பாதி வேலையில் விட்டுவிட்டால் நைட்ரஸ் ஆக்சைடு என்ற வாயு வெளியே வரும். அதற்கும் அடுத்து, கடல் உப்பில் இருக்கிற சல்பேட்டைக் கொண்டு பிழைப்பவை. இவை விடுவது ஹைட்ரஜன் சல்பைடு, அழுகிய முட்டை நாற்றம். எல்லாரும் தின்று முடித்த பிறகு கடைசிப் பந்தியில் உட்காருகிற நுண்ணுயிர்கள்தான் மீத்தேனை விடுகின்றன.

கடல் தண்ணீரில் சல்பேட் நிறைய இருப்பதால் சாதாரணமாகக் கடைசிப் பந்திக்கு அதிகம் மிஞ்சாது. அதனால்தான் உப்புச் சேற்றில் மீத்தேன் குறைவு, நல்ல தண்ணீர்ச் சேற்றில் அதிகம். ஆனால் ஒரு நகரத்தின் சாக்கடை முழுவதையும் கொண்டுவந்து அந்த வாயில் ஊற்றினால்? சல்பேட்டும் தீர்ந்துபோகிற அளவுக்குத் தீனி குவிந்துவிடும். அப்போது மீத்தேன் தண்ணீரில் கரைந்து நிற்க இடமில்லாமல் குமிழி குமிழியாகக் கிளம்பி மேலே வரும்.

இந்த வாயுக்களின் கனம் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். நூறு வருஷக் கணக்கில் பார்த்தால் ஒரு டன் மீத்தேன் ஏறக்குறைய 28 டன் கரியமில வாயு பிடிக்கிற சூட்டைப் பிடிக்கும். இருபது வருஷக் கணக்கில் பார்த்தால் 80 டன்னுக்குச் சமம். நைட்ரஸ் ஆக்சைடு இன்னும் மோசம், ஒரு டன்னுக்கு 273 டன். மனிதர்கள் வெளிவிடுகிற கரியமில வாயுவில் சுமார் நாலில் ஒரு பங்கைக் கடல் வாங்கிக்கொள்கிறது. அந்த வகையில் கடல் நமக்குப் பெரிய உபகாரி. ஆனால் கரையோரத்தில், கழிமுகத்தில், நாம் கொடுக்கிற அழுக்குக்குத் தக்கபடி அது திருப்பியும் கொடுக்கிறது. உலகத்தில் வெளியாகிற மீத்தேனில் பாதி வரைக்கும் ஆறு, ஏரி, வயல், சதுப்பு, கழிமுகம், கடல் என்று நீர்நிலைகளிலிருந்து வருகிறது என 2021இல் வந்த ஒரு கூட்டு ஆய்வு மதிப்பிட்டது. கோவாவில் இருக்கிற தேசியக் கடலியல் நிறுவனத்தின் நக்வியும் அவருடன் வேலை செய்தவர்களும் 2000இல் ‘நேச்சர்’ பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார்கள். மேற்குக் கரையோரக் கடலில் தென்மேற்குப் பருவத்தை ஒட்டிப் பிராணவாயு வற்றிப்போகிறது, அது தீவிரமாக ஆக நைட்ரஸ் ஆக்சைடு ஏராளமாகக் குவிகிறது என்று அளந்து காட்டினார்கள். நிலத்திலிருந்து அடித்துப்போகிற உரத்தையும் அவர்கள் காரணமாகச் சுட்டினார்கள்.

நம் கரைக்கு வருவோம். சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் ரமேஷ், பூர்வஜா ஆகியோரின் குழு தொண்ணூறுகளிலிருந்தே இந்த வேலையைச் செய்தது. பிச்சாவரம், எண்ணூர், அடையாறு என்று இடம் இடமாக அளந்தார்கள். பிச்சாவரத்தில் அலையாத்தி மரங்களுக்குச் சேற்றைத் துளைத்துக்கொண்டு ஆணி அடித்த மாதிரி மேலே நிற்கிற மூச்சுவேர்கள் இருக்கின்றன. சேற்றில் மூச்சு முட்டுகிற வேருக்கு அதன் வழியாகத்தான் காற்று போகிறது. அதே குழாய் வழியாகச் சேற்றுக்குள் இருக்கிற மீத்தேன் வெளியேயும் வருகிறது என்று 2004இல் எழுதினார்கள். மரம் தன் பிழைப்புக்கு விடுகிற மூச்சு அது. அதற்கு மரத்தை யாரும் குற்றம் சொல்ல முடியாது. கூடவே அந்தக் காடு எத்தனையோ மடங்கு கார்பனைச் சேற்றுக்குள் புதைத்தும் வைக்கிறது. சாக்கடை கலந்த இடங்களில்தான் மீத்தேன் கணக்குத் தாறுமாறாக ஏறியது.

அடையாற்றைப் பற்றி இதே குழுவினர் வெளிநாட்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து 2008இல் ‘மரைன் பொல்யூஷன் புல்லட்டின்’ என்ற பத்திரிகையில் எழுதிய கட்டுரையை மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டும். இரண்டு விதமாகக் கணக்குப் போட்டார்கள். தண்ணீரில் கரைந்திருக்கிற வாயுவை அளந்து, ஒரு வாய்ப்பாட்டில் போட்டுப் பார்த்தால் அடையாறு வருஷத்துக்குச் சுமார் 250 டன் மீத்தேன் விடுகிறது. தண்ணீர் மேல் ஒரு பெட்டியைக் கவிழ்த்து மிதக்கவிட்டு, வருகிற வாயுவை அப்படியே பிடித்துப் பார்த்தால் சுமார் 2000 டன். எட்டு மடங்கு வித்தியாசம்! ஏன்? வாய்ப்பாட்டுக்குக் கரைந்திருப்பது மட்டும்தான் தெரியும். அடிச்சேற்றிலிருந்து கிளம்பி வருகிற குமிழி தெரியாது. பெட்டிக்குத் தெரியும். அந்த ஒரு சின்ன ஆறு ஒரு வருஷத்தில் விடுகிற வாயு, சென்னையின் மோட்டார் வண்டிகள் எல்லாம் ஒரு மாதம் விடுகிற கரியமில வாயுவுக்குச் சமம் என்று அந்தக் கட்டுரை சொல்கிறது.

எனக்கு அந்தப் பெட்டி பிடித்துப்போயிற்று, தோழர்களே. மேலேயிருந்து போடுகிற வாய்ப்பாட்டுக்கு அடியில் கிடப்பது தெரியாது என்பது நமக்குப் புதிய செய்தியா என்ன?

இந்த இடத்தில் உலக அரசியல் ஒன்றைச் சொல்ல வேண்டும். 1990ஐ ஒட்டி, பூமி சூடாவதற்கு எந்த நாடு எவ்வளவு காரணம் என்று பட்டியல் போட ஆரம்பித்தார்கள். இந்திய நெல்வயல்கள் வருஷத்துக்குச் சுமார் 3 கோடியே 80 லட்சம் டன் மீத்தேன் விடுவதாக அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் மதிப்பீடு சொன்னது. வேறு தேசத்து வயல்களில் எடுத்த அளவை வைத்து நம் வயலுக்குப் போட்ட கணக்கு அது. 1991இல் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் ஏ.பி. மித்ரா முன்னின்று நடத்திய இயக்கத்தில் நம்மூர் வயல்களிலேயே இறங்கி அளந்தார்கள். வந்தது சுமார் 40 லட்சம் டன். அதே வருஷம் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் ‘சமத்துவமற்ற உலகில் புவி சூடாதல்’ என்ற சிறு நூலை எழுதினார்கள். ஏழை தன் நெல்வயலிலும் மாட்டுக் கொட்டிலிலும் பிழைப்புக்காக விடுகிற வாயுவையும், பணக்காரன் காரில் ஆடம்பரத்துக்காக விடுகிற வாயுவையும் ஒரே பேரேட்டில் எழுதாதே என்று கேட்டார்கள். சரியான கேள்வி. அந்தக் கேள்விக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

ஆனால் அந்தக் கேள்வி தேசத்தின் எல்லையில் வந்து நின்றுவிட்டது. உலகத்தில் ஊர் எது சேரி எது என்று கேட்டவர்கள், இந்தியாவுக்குள் ஊர் எது சேரி எது என்று கேட்கவில்லை. ‘தலைக்கு இவ்வளவு’ என்று வகுக்கும்போது குளிர்சாதன அறையில் இருக்கிற தலையும் மேன்ஹோலுக்குள் போகிற தலையும் ஒரே தலையாகிவிடுகின்றன. பெரிய நாடுகளிடம் பேரம் பேச நம் வறுமை வேண்டியிருக்கிறது. பேரத்தில் கிடைத்தது மட்டும் சேரிக்கு வந்து சேருவதில்லை.

மேன்ஹோல் என்றேன். அதற்குத்தான் வருகிறேன். கழிமுகத்துச் சேற்றில் நடக்கிற அதே பந்திதான் சாக்கடைக் குழாயிலும் செப்டிக் டேங்கிலும் நடக்கிறது. காற்று இல்லாத இருட்டு, நிறைய மலம், அதே நுண்ணுயிர்கள், அதே வாயுக்கள். மீத்தேனுக்கு வாசனை கிடையாது, குழிக்குள் இருக்கிற நல்ல காற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், தீப்பொறி பட்டால் வெடிக்கும். ஹைட்ரஜன் சல்பைடு பூமியைச் சூடாக்குகிற வாயு அல்ல, ஆனால் மீத்தேனோடு கூடப் பிறந்தது. காற்றைவிடக் கனமானது என்பதால் குழியின் அடியிலே தங்கும். கொஞ்சமாக இருந்தால் நாறும். அதிகமானால் மூக்கின் நரம்பு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. ‘நாத்தம் அடங்கிடுச்சு, இறங்கலாம்’ என்று நினைக்கிற நேரம்தான் சாகிற நேரம். ஒருவர் விழுந்ததும் தூக்கப்போன தம்பியும் விழுவான், அவனைத் தூக்கப்போன மாமனும் விழுவான். ‘விஷவாயு தாக்கி மூவர் பலி’ என்று பேப்பரில் நாலு வரி வரும். விஷவாயு என்னவோ எங்கிருந்தோ வந்து தாக்கிவிட்டுப் போன மாதிரி! அந்தக் குழியை மூடி வைத்திருந்தவன் யார், இறக்கிவிட்டவன் யார் என்று அந்த நாலு வரியில் இருக்காது.

1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். பாதுகாப்பில்லாமல் சாக்கடைக்குள்ளும் செப்டிக் டேங்குக்குள்ளும் மனிதரை இறக்கக் கூடாது என்கிறது 2013ஆம் வருஷத்துச் சட்டம். அதன் விதிகளில் நாற்பதுக்கும் மேற்பட்ட பாதுகாப்புக் கருவிகளின் பட்டியல் இருக்கிறது. துப்புரவுப் பணியாளர் இயக்கமான சஃபாய் கர்மசாரி அந்தோலன் 2003இல் தொடுத்த வழக்கில், 2014 மார்ச் 27 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 1993 முதல் சாக்கடையில் செத்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் கொடு என்றது. 2023 அக்டோபரில் வேறொரு வழக்கில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. இத்தனைக்குப் பிறகும் சாவு நிற்கவில்லை. தேசியத் துப்புரவுப் பணியாளர் ஆணையம் 1993இலிருந்து மாநில வாரியாகத் தொகுத்த கணக்கில் முன்வரிசையில் நிற்பது நம் தமிழ்நாடு. இருநூறுக்கு மேல் பிணங்கள். ‘பெரியார் பிறந்த மண்’ என்று மேடையில் சொல்கிறவர்கள் இந்த எண்ணையும் சேர்த்துச் சொல்லட்டும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். சென்னையில் கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி சுத்திகரிப்பு நிலையங்களில் இதே சாக்கடையின் மீத்தேனைப் பிடித்து மின்சாரம் எடுக்க இயந்திரங்கள் வைத்தார்கள். நல்ல காரியம், குறை சொல்லவில்லை. குழாயின் அந்த முனையில் வாயு சரக்கு. அதற்கு மீட்டர் இருக்கிறது, அளவு இருக்கிறது, என்ஜினியர் இருக்கிறார். குழாயின் இந்த முனையில், தெருவில், அதே வாயுவை அளக்க நம் ஆளின் மூக்குதான் மீட்டர். உள்ளங்கை அளவு வாயு அளவி ஒன்றை இடுப்பில் கட்டிவிட அரசுக்கு முடியாதா? அந்தக் கருவி வாங்க முடியாத ஏழை அரசா இது? அந்த மூக்கு இன்ன சாதியின் மூக்கு என்பதால்தான் கருவி தேவைப்படாமல் போகிறது.

நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. செஞ்சிக் கோட்டை பார்க்க வருகிறவர்கள் ராஜகிரி ஏறுகிறார்கள், கிருஷ்ணகிரி ஏறுகிறார்கள், சந்திரகிரியைத் தூரத்திலிருந்து பார்க்கிறார்கள். நாலாவதாக ஒரு சின்ன மலை இருக்கிறது. அதன் பெயர் சக்கிலி துர்க்கம். 2025 ஜூலையில் யுனெஸ்கோ செஞ்சிக் கோட்டையை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால் அந்த நாலாவது மலையின் பெயருக்குரிய மக்கள் இன்று தமிழ்நாடு முழுக்க எந்தக் குழிக்குள் நிற்கிறார்கள்? சாக்கடையில் சாகிறவர்களில் பெரும்பகுதி அருந்ததியர். ‘அது அவங்க பிரச்சினை’ என்று பறையர் தெருவிலிருந்தும் பள்ளர் தெருவிலிருந்தும் ஒரு குரல் வந்தால், நாம் பேசுகிற விடுதலை பாதியிலேயே நின்றுபோகும். இந்த விஷயத்தில் எல்லாத் தெருவும் ஒன்றாகத் தெருவுக்கு வர வேண்டும்.

ஆற்றைச் சுத்தம் செய்கிறோம் என்கிற பேச்சுக்கு வருகிறேன். அடையாறு, கூவம் கரைகளில் இருந்தவர்களைக் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் ஏற்றிக்கொண்டுபோய் விட்டார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு இது வேகம் பிடித்தது. போனவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். ஆற்றை நாறடிப்பது குடிசை என்று படித்தவர்கள் வாயிலேயே வருகிறது. நான் கணக்காகவே கேட்கிறேன். சாக்கடையின் அளவு, செலவழிக்கிற தண்ணீரின் அளவைப் பொறுத்தது. லாரித் தண்ணீருக்குக் குடம் வைத்து வரிசையில் நிற்கிறவள் எத்தனை குடம் ஆற்றில் விடுவாள்? ஒரு அடுக்குமாடியில் ஒரு தடவை இழுத்துவிடுகிற தண்ணீர் எவ்வளவு? குடிசை போனதால் குமிழி நின்றுவிட்டதா என்று மறுபடியும் அந்தப் பெட்டியைக் கவிழ்த்துப் பார்க்கட்டும். கொண்டுபோய்க் குடிவைத்த பெரும்பாக்கம் எங்கே இருக்கிறது? பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரத்தில். ஒரு நீர்நிலையைக் காப்பாற்ற என்று எடுத்துக்கொண்டுபோய் இன்னொரு நீர்நிலையின் விளிம்பில் போட்டார்கள்.

இனி என் மேஜைக்கு வருகிறேன். செப்டிக் டேங்க் உறிஞ்சுகிற லாரிக்குக் கடன் கேட்டு வருகிறவர்களின் காகிதங்கள் என் கைக்கு வரும். வண்டிக்கு இன்சூரன்ஸ் கட்டாயம். டயர், டேங்க், மோட்டார், எல்லாவற்றுக்கும் மதிப்பு எழுதக் கட்டம் இருக்கிறது. குழாயைப் பிடித்துக் குழிக்குள் எட்டிப்பார்க்கிற ஆளுக்குக் கட்டம் கிடையாது. உறிஞ்சியதை எங்கே கொட்டுவாய் என்கிற கேள்விக்கும் கட்டம் கிடையாது. நம் பேரூராட்சிகளில் பெரும்பாலும் பாதாளச் சாக்கடை இல்லை, வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க்தான். ராத்திரியில் அது எந்த ஓடையில், எந்த ஏரியின் மறைவில் காலியாகிறது என்று இங்கே உட்கார்ந்திருக்கிற பலருக்குத் தெரியும். அந்த ஏரி எந்தத் தெருவுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதும் தெரியும். மழை வந்தால் அது மேல்மடையிலிருந்து கீழே போகிறது, கழிமுகத்தில் குமிழியாகிறது.

இதற்கிடையில் ‘கார்பன் கிரெடிட்’ என்று ஒரு புதிய வரவு வந்திருக்கிறது. அலையாத்திக் காடும் கடல்புல்லும் பிடித்து வைக்கிற கார்பனுக்கு ‘நீலக் கார்பன்’ என்று பெயர் வைத்து, அதற்கு விலை பேசுகிறார்கள். காடு வளர்ந்தால் சந்தோஷம். ஆனால் பிச்சாவரத்துச் சேற்றில் கழுத்தளவு தண்ணீரில் நின்று கையால் தடவி இறால் பிடிக்கிற இருளர்கள் இருக்கிறார்கள். அந்தச் சேற்றுக்கு விலை வரும்போது வரவுப் பக்கத்தில் அவர்கள் பெயர் இருக்குமா, இல்லை ‘உள்ளே வராதே’ என்ற பலகைதான் இருக்குமா? நம் பக்கத்து இருளர்களுக்குக் காட்டில் நடந்தது அங்கே கடலோரத்தில் நடக்கக் கூடாது.

அம்பேத்கர் 1927 மார்ச் 20 அன்று மகாத்தில் சவுதார் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். பிறகு சாதி இந்துக்கள் அந்தக் குளத்தைச் சாணியும் கோமியமும் ஊற்றித் ‘தீட்டு’க் கழித்தார்கள். தண்ணீரை யார் அசுத்தம் செய்கிறார்கள், யார் மேல் பழி விழுகிறது என்பதை அதைவிடத் தெளிவாக எந்த ஆய்வுக்கூடமும் காட்ட முடியாது. ஆனால் ஆய்வுக்கூடத்தை நாம் விட்டுவிடவும் கூடாது. கெமிஸ்ட்ரியும் விலங்கியலும் படிக்கிற தம்பி தங்கைகள் இங்கே இருக்கிறீர்கள். சுண்ணாம்பாற்றுக் கழிமுகத்தில் அளக்க வேண்டியது நிறைய இருக்கிறது. உங்களில் ஒருவர் அங்கே பெட்டியைக் கவிழ்க்க வேண்டும். வேறு யாரோ வந்து அளந்து, வேறு யாரோ எழுதுகிற கணக்கில் நாம் எப்போதும் ‘பாதிக்கப்படக்கூடிய மக்கள்’ என்கிற ஒரு வரியாகத்தான் இருப்போம்.

நாம் கேட்க வேண்டியவற்றைச் சொல்லி முடிக்கிறேன். எந்தக் காரணத்துக்காகவும் எந்த மனிதரும் குழிக்குள் இறங்கக் கூடாது. ‘அவசரம்’ என்று விதியில் இருக்கிற ஓட்டையை அடைக்க வேண்டும். வாயு அளவி இல்லாமல் எந்த மூடியும் திறக்கப்படக் கூடாது. ஒவ்வொரு பேரூராட்சியும் செப்டிக் லாரி எங்கே கொட்டுகிறது என்பதைப் பலகையில் எழுதி வைக்க வேண்டும். மலக்கழிவைச் சுத்திகரிக்கிற நிலையத்தைச் சேரியின் தலைமாட்டில் கொண்டுவந்து வைக்கக் கூடாது. குழியில் ஒருவர் செத்தால், ஒப்பந்தக்காரர் மேல் மட்டுமல்லாமல் வேலையைக் கொடுத்த நிர்வாகத்தின் மேலும் வழக்குப் போட வேண்டும். ஆற்றின் பெயரால் வருகிற பணத்தில் ஆற்றுக்குள் இறங்குகிறவர்களுக்கு வேறு வேலையும் வீடும் முதல் செலவாக எழுதப்பட வேண்டும்.

நம்ம பேரூராட்சியில் போன வருஷம் எத்தனை லாரி லோடு எடுத்தார்கள், எங்கே கொட்டினார்கள் என்று கேட்டுத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு ஒன்று எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர்கள் போடலாம். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு ஒட்டியாகிவிட்டது. நாளைக்குக் காலையில் தபாலில் சேர்த்துவிடலாம்.

ஜெய்பீம்.